இருபத்திரண்டும் இருபத்துநான்கும்

மதுவத்தைப் பற்றி யாரிடமாவது சொன்னால் அவர்களுக்குப் பேக்கரிப் பாண் ஞாபகம் வரும், இல்லையென்றால் பியர். ஈஸ்ட் என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். மதுவம் என்பது நான் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த பெயர், அது வாயை விட்டுப் போக மறுக்கிறது. எனக்கு மதுவம் என்றால் ஞாபகம் வருவது ஆக்லாந்தில் ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்பேட்டையில் கொட்டகை மாதிரி ஒரு கட்டடம், அதற்குள் என் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும் ஒரு எவர்சில்வர் தொட்டி, அதன் பக்கத்தில் நீலக் கைப்பிடி போட்ட ஒரு வால்வு. அந்தத் தொட்டியைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். பெற்ற மகளை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. அவளும் என்னிடம் அதைத்தான் சொல்கிறாள், ஆங்கிலத்தில்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாடுகளுக்கு வரும் ஒரு நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கு ஒரு புரதம் தேவை. அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவை எடுத்து மதுவத்துக்குள் வைத்திருக்கிறார்கள். மதுவத்துக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. மெத்தனாலை உணவாகக் கொடுத்தால் அந்த மரபணு விழித்துக்கொள்ளும். மதுவம் தன் பிழைப்போடு பிழைப்பாக நமக்கு வேண்டிய புரதத்தையும் செய்து வெளியே விடும். மனிதர் குடித்தால் கண் போய்விடும் சாமான், இதற்குச் சாப்பாடு. அதையும் அளந்து கொடுக்க வேண்டும். தொட்டி இருபத்துநான்கு பாகைச் சூட்டில் நிற்க வேண்டும். காற்றுப் போதிய அளவு போக வேண்டும். இதில் எது பிசகினாலும் மதுவம் முதலில் தன் உயிரைக் காப்பாற்றத்தான் பார்க்கும். புரதத்தை ஒழுங்காக மடித்துக் கட்ட அதற்கு அவகாசம் இருக்காது; பிழையாக மடித்ததைத் தானே உடைத்துப் போட்டுவிடும். செத்த மதுவக் கலங்கள், அதாவது செல்கள், வெடித்தால் உள்ளே இருக்கும் நொதிகள் கத்திரிக்கோல் போல வெளியே வந்து, நல்லதாகச் செய்து வைத்ததையும் வெட்டிப் போடும். ஒருமுறை தொட்டியை ஏழு நாள் ஓட்டுவதை ஓட்டம் என்போம். ஓட்டம் முடியும்போது தொட்டி நிறையக் கலங்கல் இருக்கும், புரதம் இருக்காது.

இதை வைத்து வாழ்க்கைத் தத்துவம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எங்கள் கம்பனிக்கே ஒருமுறை ஒருவர் வந்து, மன அழுத்தத்தை எப்படித் தாங்குவது என்று அரை நாள் வகுப்பு எடுத்தார். இந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டு, அடடா, உங்களுக்கு உங்கள் ஈஸ்டே ஆசிரியர் என்றார். போகும்போது ஆளுக்கொரு பஞ்சுப் பந்து கொடுத்தார், கோபம் வந்தால் பிசைய வேண்டுமாம். என்னுடைய பந்து இன்னும் மேசை இழுப்பறையில் புதுசாகவே கிடக்கிறது. பிசைவதற்கு எனக்கு வீட்டில் ரொட்டி மா இருக்கிறது.

தொட்டியைப் பார்க்க இரண்டு பேர். காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை நான். இரண்டிலிருந்து பத்து வரை இன்னொருவர், திருச்சிப் பக்கத்துக்காரர். நாற்பதை நெருங்கியவர், மனைவியும் ஒரு பெண் பிள்ளையும் கூடவே இங்கே. அவர் என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். இங்கேயும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன். கை மாற்றும் நேரத்தில் அரை மணித்தியாலம் இருவரும் சாப்பாட்டு அறையில் இருந்து கதைப்போம். நான் கதைப்போம் என்பேன், அவர் பேசுவோம் என்பார். மாரியில் தோசை மாவைப் புளிக்க வைக்க வெந்நீர்த் தாங்கி இருக்கும் அலுமாரிக்குள் எந்தத் தட்டு நல்லது, எந்தக் கடையில் முருங்கைக்காய் வந்திருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்து எல்லைக்குள் வீடு எடுத்தால் நல்லது, இப்படி. நாங்கள் கதைக்காத விஷயம் இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

தம்பியின் விசா இந்த வேலையோடு கட்டப்பட்டது. ஏப்ரலில் முடிகிறது. புதுப்பிக்க வேண்டும் என்றால், இந்த ஆளுக்கு எங்களிடம் தொடர்ந்து வேலை இருக்கிறது என்று கம்பனி கடிதம் கொடுக்க வேண்டும். கடிதம் கொடுப்பவர் எங்கள் மேலாளர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண்மணி, கெட்டவர் இல்லை. தொட்டி ஓடினால் வேலை இருக்கும், தொட்டி நின்றால் இருக்காது என்று டிசம்பரிலேயே சொல்லிவிட்டார். டிசம்பர் ஓட்டம் நன்றாக வந்தது. இன்னும் இரண்டு ஓட்டம் இப்படி வந்தால் பெரிய ஓடர் கிடைக்கும், கடிதம் தானாக வரும் என்றார். தம்பி அன்று ஒரு பெட்டி லட்டு கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு அப்போதே மனம் அடித்துக்கொண்டது, கடிதம் கைக்கு வரமுன் லட்டு எதற்கு என்று.

ஜனவரியில் இரண்டாவது ஓட்டம், இங்கே அது நடுக்கோடை. அந்த மாதம் ஆக்லாந்தில் அடித்த புழுக்கம் ஞாபகம் இருப்பவர்களுக்குத் தெரியும். கூரையில் இருக்கும் குளிர்நீர் இயந்திரம் கிழடு. பின்னேர வெயிலுக்கு அது மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் நீல வால்வைக் கையால் திறந்து குழாய்த் தண்ணீரையும் தொட்டியைச் சுற்றியிருக்கும் உறைக்குள் விட்டால்தான் சூடு ஏறாது. அது பின்னேரக்காரரின் வேலை, ஒரு நிமிட வேலை.

தைப்பொங்கல் வாரம். வியாழக்கிழமை காலை நான் வந்து வரைபடத்தைப் பார்த்தேன். முதல் நாள் மாலை ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரை தொட்டி மெல்ல மெல்லச் சூடேறி இருபத்தொன்பது வரை போயிருந்தது. எச்சரிக்கை மணி உள்ளே அடித்திருக்கிறது, எட்டு மணி வரை அதை நிறுத்த ஆள் இல்லை. ஆள் கடமையில் இருக்கும் நேரத்தில் அந்த மணி வெளியே யாருடைய தொலைபேசிக்கும் போகாது. பதிவேட்டில் தம்பியின் கையெழுத்தில் எல்லாம் சாதாரணம் என்று இருந்தது.

நித்திரை கொண்டுவிட்டார் என்று முடிவு கட்டினேன். வேறு என்னவாக இருக்கும்? சனி ஞாயிறு காலைகளில் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் செய்கிறவர் என்று தெரியும். இரண்டு மணிக்கு அவர் வந்தார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. என் நினைப்பு உறுதியாகிவிட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன சர்க்கரைப் பொங்கல் பெட்டியை மட்டும் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார்.

ஏன் கேட்கவில்லை என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள், நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். கேட்டால் அவர் வெட்கப்படுவார். வயதில் குறைந்தவர் என்றாலும் ஒரு குடும்பத்தலைவர், அவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பது அழகில்லை. மேலாளரிடம் சொன்னால் கடிதம் போய்விடும். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. நான் வளர்ந்த காலத்தில் எங்கள் ஊரில், யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைப்பது உயிரை எடுக்கும் காரியம். காட்டிக்கொடுக்கிற ஆள் என்ற பெயர் ஒரு வீட்டின் மீது விழுந்தால் பிறகு துடைக்க முடியாது. கண்டாலும் காணாதது மாதிரி இரு என்பதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. முப்பது வருடம் கழித்து, சண்டையே தெரியாத ஒரு நாட்டில், மாட்டு நோய்ப் புரதத்துக்கும் நான் அதையே செய்தேன்.

பேசாமல் இருந்திருந்தாலாவது பரவாயில்லை. உதவி செய்யவும் போனேன். வெள்ளிக்கிழமை காலை தொட்டியின் வெப்பநிலையை இருபத்திரண்டுக்கு இறக்கி வைத்தேன். பின்னேரம் இவர் மறுபடி கண்ணயர்ந்தாலும் சூடு ஏறுவதற்கு இரண்டு பாகை இடம் இருக்கும் என்பது என் கணக்கு. பதிவேட்டில் எழுதவில்லை. எழுதினால் ஏன் என்று எழுத வேண்டும், ஏன் என்று எழுதினால் அவர் மாட்டுவார். கணினிக்கு எங்கள் இருவருக்கும் ஒரே கடவுச்சொல், யார் மாற்றினார் என்று அதுவும் சொல்லாது. எனக்கு என் புத்திசாலித்தனத்தின் மேல் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை வந்து பார்த்தால் இருபத்துநான்கு. தம்பி கூட்டி வைத்திருக்கிறார். சரி, செய்முறைத் தாளில் இருபத்துநான்கு என்று இருக்கிறது, ஒழுங்கான மனிதர், அப்படித்தான் செய்வார் என்று நினைத்துக்கொண்டு மீண்டும் இறக்கினேன். அவர் மீண்டும் கூட்டினார். இப்படியே அந்த ஓட்டம் முடியும் வரை, காலையில் நான் இறக்க, இரண்டரை மணிக்கு அவர் ஏற்ற. இடையில் அரை மணித்தியாலம் இருவரும் எதிரெதிரே இருந்து முருங்கைக்காய் கதைத்தோம்.

பொங்கல் பெட்டி திங்கட்கிழமை திரும்பி வந்தது. நன்றாகக் கழுவித் துடைத்திருந்தது, வெறும் பெட்டி. தம்பியின் வீட்டிலிருந்து பெட்டி வெறுமனே வந்ததே இல்லை. குறைந்தது ஒரு பிடி சீனியாவது, இரண்டு தோடம்பழமாவது இருக்கும். எனக்குச் சுருக்கென்றது. விசா கவலையில் அந்தப் பிள்ளை மறந்திருப்பாள் என்று அவர் மனைவிக்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அதையும் கேட்கவில்லை.

ஓட்டம் முடிந்து புரதத்தை அளந்தபோது டிசம்பரில் வந்ததில் பாதிகூட இல்லை. புரதத்தை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் ஒரு தடித்த கோடு தெரிய வேண்டிய இடத்தில் துண்டு துண்டாகப் பத்துக் கோடு. மேலாளர் மதுவத்தைச் சந்தேகித்தார், இந்த வித்து பலவீனமாகிவிட்டதோ என்றார். ஊட்டத்தைச் சந்தேகித்தார், பம்பைக் கழற்றிப் பார்த்தார். பதிவேட்டில் எல்லாம் சாதாரணம் என்று இருந்ததால் வரைபடத்தை அவர் விரிக்கவில்லை. நான் அந்த ஒரு நாள் சூட்டைத்தான் மனதுக்குள் சந்தேகித்தேன். அதனால் பிப்ரவரி தொடக்கத்தில் மூன்றாவது ஓட்டம் ஆரம்பித்தபோது முதல் நாளிலிருந்தே இருபத்திரண்டுக்கு இறக்கினேன், இன்னும் அக்கறையாக. தம்பியும் முதல் நாளிலிருந்தே ஏற்றினார், அவரும் அக்கறையாகத்தான். மூன்றாவது ஓட்டம் இரண்டாவதைவிட மோசமாக வந்தது.

மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, இன்னும் ஒரே ஒரு ஓட்டம் என்றார். அதுவும் இப்படி என்றால் தொட்டியைக் கழுவி மூடிவிட்டு வேலையை வெளிநாட்டுக்குக் கொடுத்துவிடுவார்களாம். கடிதத்தைப் பற்றி அவர் பேசவில்லை, பேசத் தேவையுமில்லை. தம்பி தலையாட்டிவிட்டுப் போய்க் கையுறை போட்டுக்கொண்டு, ஏற்கனவே சுத்தமாக இருந்த குழாய்களைத் திரும்பவும் கழுவத் தொடங்கினார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அன்று மோட்டார்வேயில் வண்டிகள் ஊர்ந்த வேகத்தில் மவுண்ட் ஆல்பர்ட் வீட்டுக்கு வந்து சேர ஒன்றேகால் மணித்தியாலம் ஆனது, அவ்வளவு நேரமும் அந்தக் குழாய் கழுவும் கைதான் கண்ணுக்குள் நின்றது.

அடுத்த நாள் விடுமுறை. இரண்டு ஓட்டத்து வரைபடங்களையும் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். குசினி மேசையில் நீளமாக விரித்து, பறக்காமல் இருக்க ஒரு முனையில் மிளகாய்த்தூள் போத்தலை வைத்தேன். எங்கள் வீடு பழைய மரவீடு, எந்தப் பக்கமிருந்தும் காற்று வரும். வெப்பநிலைக் கோடு மரம் அறுக்கும் வாளின் பற்களைப் போல இருந்தது. இறக்கம், ஏற்றம், இறக்கம், ஏற்றம். அதற்குக் கீழே காற்றின் கோடு. ஏற்றம் வரும் ஒவ்வொரு முறையும் தொட்டியில் கரைந்திருந்த ஒட்சிசன் அடியோடு விழுந்திருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. குளிரில் மதுவம் மெதுவாகத்தான் சாப்பிடும், மெத்தனால் தேங்கிவிடும். திடீரென்று சூடாக்கினால் தேங்கியதை எல்லாம் ஒரே மூச்சில் விழுங்கப் பார்த்து மூச்சுத் திணறும். கலங்கள் சாகும், வெடிக்கும், கத்திரிக்கோல் வெளியே வரும். மறுநாளும் அதேதான்.

இருபத்திரண்டிலேயே ஏழு நாளும் விட்டிருந்தால் மதுவம் கொஞ்சம் சோம்பலாக வேலை செய்திருக்கும், புரதம் பிழைத்திருக்கும். இருபத்துநான்கிலேயே விட்டிருந்தால் பிரச்சினையே இல்லை. அந்த ஒரு நாள் சூட்டையும் தாங்கியிருக்கும். தினமும் இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுத்ததைத்தான் அதனால் தாங்க முடியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நாங்கள் ஆளுக்கொரு பிள்ளையார் பிடித்தோம், ஒரே களிமண்ணில். பக்கத்தில் வந்து நின்ற கணவர், ஏன் அழுகிறாய் என்று கேட்டார். அழுதது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, அப்படியென்றால் எழுதிக் கொடு என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் புல் வெட்டப் போய்விட்டார்.

எழுதிக் கொடுப்பது என்றால் எங்கள் வேலையில் அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. எந்த நாள், எத்தனை மணி, யார், என்ன மாற்றினார், ஏன். பதிவேட்டில் எழுதாமல் மாற்றுவது வேலையை விட்டு அனுப்பக்கூடிய குற்றம். எனக்கு வீட்டுக் கடன் இன்னும் இருக்கிறது, வேறு வேலை தேடும் வயதும் தாண்டிவிட்டது. ஆனாலும் என் பெயரை எழுத நான் தயங்கவில்லை. எழுதாவிட்டால் நான்காவது ஓட்டம் நன்றாக வந்தாலும் ஏன் வந்தது என்று காட்ட முடியாது, வித்து பலவீனம் என்றே முடிவு கட்டித் தொட்டியை மூடிவிடுவார்கள். எழுதினால் தம்பியின் பெயரையும் எழுத வேண்டும். நேரம் போட்டு, நாள் போட்டு. காலை இறக்கியது நான் என்று மட்டும் எழுதினால் ஏற்றியது யார், பேயா? பொங்கலுக்கு முதல் நாள் மணி நிறுத்த ஆளில்லாமல் அடித்ததற்கும் காரணம் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில் மட்டும் பேனையை வைத்துவிட்டேன்.

மறுநாள் இரண்டு மணிக்கு, சாப்பாட்டு அறையில் வேறு யாரும் இல்லை. தம்பி தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டிருந்தார். இவ்வளவு வருடமும் எனக்கு வராத கேள்வி வந்தது.

"தம்பி, ஒண்டு கேக்கவேணும். பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம், தொட்டி சூடேறின நேரம், எங்க இருந்தனீங்கள்?"

அவர் போத்தலை மூடினார்.

"கார்லதான் இருந்தேன்கா, பார்க்கிங்ல. அப்பா தவறிட்டாரு. அன்னிக்குத்தான் எடுத்தாங்க. போன்ல பாத்துட்டு இருந்தேன்."

இங்கே மாலை ஆறு என்றால் அங்கே காலை பத்தரை. நான் நித்திரை என்று முடிவு கட்டிய நேரத்தில் அந்த மனிதர், பூட்டிய காருக்குள், வெயிலில், தகப்பனைக் கொண்டுபோவதைக் கையளவு திரையில் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். மூத்த மகன் அவர். அவர் வைக்க வேண்டிய கொள்ளியைச் சித்தப்பா மகன் வைத்தாராம். போயிருந்தாலும் முகம் பார்த்திருக்க முடியாது, டிக்கெட் எடுத்துப் போய்ச் சேரவே இரண்டு நாள் என்றார். மேலாளரிடம் சொன்னால் உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவார், பின்னேரத்துக்கு வேறு ஆள் இல்லை, ஓட்டம் கெடும், கடிதம் போகும் என்று பயந்து சொல்லாமல் விட்டாராம். அரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்றுதான் போனாராம். அங்கே ஐயர் வரத் தாமதம்.

பொங்கல் பெட்டி வெறுமனே வந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாவு விழுந்த வீட்டிலிருந்து எதை வைத்து அனுப்புவாள் அந்தப் பெண்? நான் தமிழச்சி, எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சாவுத் துடக்கு வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டு, பெட்டிக்குள் சீனி இல்லையே என்று மனம் சுருங்கியவள் நான்.

"எனக்கு ஏன் தம்பி சொல்லேல்லை?"

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்கா. சார்ட்டைப் பாத்தீங்க, என் மூஞ்சியையும் பாத்தீங்க. கேக்கல. சரி, அக்காவுக்குத் தெரிய வேணாம்போலன்னு விட்டுட்டேன்."

அவர் குற்றம் சாட்டவில்லை. களைத்துப்போன குரலில், மழை பெய்தது என்பது போலச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாற்பது வருடம் மரியாதை என்று நான் பெயர் வைத்து வளர்த்த குணம் மற்றவருக்கு எப்படித் தெரிகிறது என்று அன்று பார்த்தேன்.

பிறகு என் முறை. இருபத்திரண்டின் கதையைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் புதுக்கண்ணாடி போட்டதிலிருந்து எழுத்து வாசிக்கத் தடுமாறுகிறேன், பட்டனைப் பிழையாக அழுத்துகிறேன் என்று நினைத்தாராம். அக்காவைச் சங்கடப்படுத்தக் கூடாது, மேலாளர் கண்ணில் படும் முன் சரிசெய்துவிட வேண்டும் என்று தினமும் இரண்டரை மணிக்கு முதல் வேலையாக அதைத்தான் செய்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததாகச் சொல்வார்கள். நாங்கள் இருவரும் ஒரே சோற்றில், ஆளுக்கொரு பூசணிக்காயை, ஒருவருக்காக ஒருவர் மறைத்திருக்கிறோம்.

படிவத்தை மேசையில் வைத்தேன். உங்கள் பெயரை எழுதாமல் இதை முடிக்க முடியாது என்றேன். அவர் வாசித்தார், ஒவ்வொரு வரியாக. பேனையை என் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்கக்கா. அப்பாவையும் எழுதிருங்க."

எழுதினேன். அவருடைய பெயர், நாள், நேரம். எழுதி முடித்த பிறகு அவரும் நானும் கீழே கையெழுத்து வைத்தோம், சேர்ந்தே மேலாளரின் அறைக்குப் போனோம்.

மேலாளர் சத்தம் போடவில்லை. இரண்டு தரம் வாசித்தார். தம்பியிடம் முதலில், உங்கள் அப்பாவுக்காக வருந்துகிறேன், அன்று வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்றார். கூரை இயந்திரத்தை மாற்றச் சொல்லி நவம்பரில் வந்த கடிதம் தன் மேசையில்தான் கிடக்கிறது என்றும் சொன்னார். அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து ஒன்று கேட்டார்: நாள் தவறாமல் சாப்பாட்டு அறையில் இருந்து உங்கள் மொழியில் பேசிக்கொண்டே இருப்பீர்களே, ஒருவருக்கொருவர் எல்லாம் சொல்லிக்கொள்வதாக அல்லவா நான் நினைத்தேன், அப்படியென்றால் என்னதான் பேசினீர்கள்? முருங்கைக்காய் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் இருவருக்கும் எழுத்தில் எச்சரிக்கை வந்தது. பொதுக் கடவுச்சொல் போய்விட்டது. இப்போது வெப்பநிலையை மாற்ற வேண்டுமென்றால் இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். பதினோரு வருடம் என் இஷ்டத்துக்கு ஆண்ட தொட்டியின் முன்னால் நான் இன்னொருவரின் கையெழுத்துக்குக் காத்து நிற்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, பழகிக்கொண்டு வருகிறேன். நான்காவது ஓட்டம் ஏழு நாளும் ஒரே கோடாக ஓடியது. டிசம்பரைவிடக் கொஞ்சம் கூடவே புரதம் வந்தது. மார்ச்சில் மேலாளர் கடிதம் கொடுத்தார், விசாவும் வந்தது. லட்டு வரவில்லை. அந்த வருடம் அவர்கள் வீட்டில் இனிப்பு இல்லை.

ஆனால் எனக்கு ஞாபகத்தில் நிற்பது அதற்கெல்லாம் முன்னால், நான்காவது ஓட்டம் தொடங்குவதற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. நானும் கணவரும் தம்பி வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனோம். சாவு விழுந்து ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேல். இவ்வளவு பிந்திப் போனால் என்ன நினைப்பார்களோ என்று எனக்குக் கால் வரவில்லை, கணவர்தான் இழுத்துக்கொண்டு போனார். தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாடகை யூனிட். முன்னறையில் தொலைக்காட்சிக்கு மேலே ஒரு படம், மீசை வைத்த மெலிந்த மனிதர், சட்டைப் பையில் பேனை. தம்பியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். இந்த ஊரில் எங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்த முதல் ஆள் நீங்கள்தான் அக்கா என்றாள். ஐந்து கிழமையாக அவள் யார் முன்னாலும் அழவில்லையாம். தம்பி தகப்பனைப் பற்றிச் சொன்னார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவராம், எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே என்ன நோய் என்று சொல்லிவிடுவாராம். சொல்லச் சொல்ல அவரும் அழுதார். நாங்கள் கேட்டுக்கொண்டு இருந்தோம்.

செத்தவீட்டிலிருந்து எழும்பும்போது போயிட்டு வாறம் என்று சொல்லக் கூடாது. அவர்களுக்கும் எங்களுக்கும் அது ஒரே முறைதான். ஒன்றும் சொல்லாமல் எழும்பி, செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் காருக்கு நடந்தோம். கணவர் கதவைத் திறந்துவிட்டார். அப்போது பின்னாலிருந்து தம்பியின் குரல் கேட்டது. வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, நாளைக்கு டேங்க் எத்தனைல வைக்கிறது?"

அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், செய்முறைத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கிறது. முறைப்படி நான் பேசாமல் ஏறிப் போயிருக்க வேண்டும். திரும்பினேன்.

"இருபத்துநாலு, தம்பி" என்றேன். "விடிய ஆறு மணிக்கு வாங்கோ. ரெண்டு பேரும் சேந்து நிண்டு வைப்பம்."